காசு தொடும் கம்பி

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி மாலுமிகளுக்கான மன்றம் ஒன்று இருந்தது. அதன் கூடத்தில் ஒரு பழைய பின்பால் மெஷின். கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு உருளும், மணி அடிக்கும், எண்கள் புரளும். உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கம்பிச் சுருள்களும், ரிலே என்னும் மின்காந்த ஸ்விட்சுகளும், வயர்களும்தான். அதில் போடுவதற்கென்றே செல்லாத நாலணாக்களை ஒரு கிண்ணத்தில் வைத்திருப்பார்கள்.

ஒருநாள் அது நின்றுவிட்டது. காசு உள்ளே விழும். ஆட்டம் தொடங்காது.

மன்றத்தின் மின் வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் தொபியாஸ். கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். விளையாட்டு மெஷின் அவருக்குப் புதிது என்பதால், பொருட்காட்சி மெஷின்களைப் பழுதுபார்க்கும் சிசிலியாவிடம் கற்றுக்கொண்டிருந்தார். குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சீடருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

அன்று காலையிலிருந்து தொபியாஸ் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார். ஃபியூஸ் மாற்றினார். ஒவ்வொரு வயரையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். பழைய இணைப்புகளையெல்லாம் புதிதாகப் பற்றவைத்தார்.

பிற்பகலில் ஆரோன் வந்தார். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பலின் சமையல்காரர். முதலாளி கைவிட்டுவிட்ட கப்பல் அது. வழக்கு முடியும்வரை ஆட்கள் ஊருக்குப் போக முடியாது. மன்றத்துக்கு மட்டும் சற்று நேரம் வந்து போகலாம். வரும்போதெல்லாம் தொபியாஸோடு ஓர் ஆட்டம் ஆடுவார்.

“அண்ணே” என்றார் ஆரோன்.

“இருப்பா. இது ஓடட்டும். அப்புறம் ஆடலாம்.”

ஆரோன் நின்றார். “அண்ணே” என்றார் மறுபடியும், இன்னும் மெதுவாக.

“வேலையா இருக்கேம்லா?”

ஆரோன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

சிசிலியா வந்து பையை இறக்கியதும் தொபியாஸ் கேட்டார்.

“கரண்ட் எல்லா இடத்துலயும் இருக்கு. வயர் எங்கயும் அறுகலை. பின்னே ஏன் வாத்தியாரம்மா, காசு போட்டா எழும்ப மாட்டேங்குது?”

சிசிலியா, காசு விழுந்ததும் இயங்க வேண்டிய ரிலேயை விரலால் அழுத்தினார். மோட்டார் சுற்றியது. எண்கள் பூஜ்யத்துக்குத் திரும்பின. குண்டு வந்து நின்றது.

“இதுக்குப் பிறகு எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

பிறகு முன்கதவைத் திறந்தார். காசு விழும் வழியில் ஒரு கம்பி குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. காசு அதை அழுத்த வேண்டும். அது ஸ்விட்சை மூட வேண்டும். சிசிலியா அதை விரலால் அழுத்தினார். மறுபடியும் ஆட்டம் தொடங்கியது.

“வயரிங்கும் நல்லா இருக்கு.”

“அதத்தானே நானும் சொல்லுதேன்!”

“ஒரு காசு போடுங்க.”

நாலணா கம்பியின் மேல் விழுந்தது. டிங் என்று துள்ளிப் பெட்டிக்குள் போனது. கம்பி அசையவில்லை.

“இந்தக் கம்பி யார் போட்டது?”

“நான்தான், போன தடவை துடைக்கும்போது. பழசு தலைமுடி மாதிரி இருந்துச்சு, தொட்டாலே வளையும். இது சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. ஆயுசுக்கும் வளையாது.”

“ஆமா” என்றார் சிசிலியா. “வளையலை.”

தொபியாஸ் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். விரலுக்கு இறங்கியது. ஒரு நாலணாவை எடுத்து உள்ளங்கையில் வைத்து, அதன் கனத்தைப் பார்த்தார். பிறகு ஸ்போக்ஸைக் கழற்றினார்.

சிசிலியா பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றைக் கொடுத்தார். அதைப் பொருத்திச் சரிசெய்ய நெடுநேரம் ஆனது. காசு போட்டார். டிக். மெஷின் விளக்கெல்லாம் எரிய விழித்துக்கொண்டது.

“இது திரும்பவும் வளைஞ்சிரும், வாத்தியாரம்மா.”

“வளையும்.”

“அப்போ?”

“வந்து நிமித்தி வைக்கணும்.”

தொபியாஸ் திரும்பினார். “ஆரோன், வாப்பா! முதல் ஆட்டம் உனக்குத்தான்!”

ஜன்னலோரம் யாரும் இல்லை.

“நீங்க கம்பி மாட்டும்போது எழுந்து போனார்” என்றார் சிசிலியா. “கண்ணு சிவந்திருந்துச்சு. என்னன்னு கேட்டேன். அண்ணன்கிட்டதான் பேச வந்தேன்னார்.”

“எங்கிட்டயா? கூப்பிட்டான். ஒண்ணும் சொல்லலையே. முக்கியம்னா சத்தமாச் சொல்ல வேண்டியதுதானே?”

சிசிலியா திருப்புளியைத் துடைத்துப் பையில் வைத்தார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

“கப்பலுக்குப் போற படகு இன்னும் கிளம்பலை, அண்ணாச்சி.”

தொபியாஸ் கையைக்கூடக் கழுவாமல் போனார்.

படகுத்துறையின் விளிம்பில் ஆரோன் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். தொபியாஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். மெஷின் ஓடிவிட்டது என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

படகோட்டி இன்ஜினை முடுக்கினார். தொபியாஸ் கையை உயர்த்தி, பொறுக்கச் சொன்னார்.

வெகு நேரம் கழித்து ஆரோன், தண்ணீரைப் பார்த்தபடியே, “அம்மா போயிட்டாங்கண்ணே. நேத்து குளச்சல்ல அடக்கம். என்னைப் போக விடலை” என்றார்.

தொபியாஸுக்குச் சொல்ல எத்தனையோ ஆறுதல் தெரியும். ஆரோன் மேலே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

“நான் சமையல் படிச்சதே அவங்ககிட்டதான்…” என்று ஆரோன் தொடங்கினார். இன்ஜின் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

தொபியாஸ் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, அவர் பக்கம் காதைச் சாய்த்தார். அதைப் பார்த்த படகோட்டி இன்ஜினை அணைத்தார்.