தொப்பையும் ஒரு டப்பா பொடியும்

2015 நவம்பர் 3, காலை ஆறேகால் மணி. தாராபுரம் பக்கத்து ஆசிரமம் ஒன்றில் பதினான்கு பேர் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்தாவது ஆளான ராக்கியப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குருவின் முன் வந்து நின்றார்.

ராக்கியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டு வெளியே வந்தார். குரு அவரைவிட ஒன்பது வயது இளையவர். துறவுக்கு முன் மருந்துக்கடை வைத்திருந்தார்.

“நான் ஊருக்குப் போறனுங்க, சாமி.”

“என்ன ஆச்சு?”

“ஒரு வேளைதான் சாப்பிடறேன். தொப்பை வளந்துட்டே போகுது. சமையல்கட்டுல திருடித் திங்கறேன்னு பேசறாங்க. விரதம் இருந்தும் இப்படின்னா, நான் இந்த இடத்துக்கு லாயக்கில்லைன்னுதானுங்களே அர்த்தம்?”

சமையல் பார்க்கும் செங்கோடன் கரண்டியோடு திரும்பினார். “பொருள் எதுவும் குறையலைங்க, சாமி. ஆனா வயிறு ஏழாவது மாசத்துல நிக்குதே.”

எல்லோரும் சிரித்தார்கள். குரு சிரிக்கவில்லை.

“உட்காருங்க” என்றார். ராக்கியப்பன் தரையில் உட்கார்ந்தார்.

“இப்ப எழுந்திரிங்க.”

கையை ஊன்றி, தூணைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. குரு அவருடைய சட்டையை விலக்கிப் பார்த்தார். வயிற்றில் கருஞ்சிவப்புக் கோடுகள். முகம் உருண்டை. தொடையும் புஜமும் குச்சி.

“இது சோத்துல வந்த வயிறு இல்லை. மூச்சிரைப்புக்கு என்ன சாப்பிடறீங்க?”

“சந்தையில ஒருத்தர் மூலிகைப் பொடி தர்றாருங்க. நாலு வருஷமா.”

“எத்தனை நாள்ல கேட்டுது?”

“மறுநாளே.”

பையிலிருந்து டப்பா வந்தது. குரு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

“இந்தக் கசப்பு எனக்குப் பழக்கம். ஸ்டீராய்டு மாத்திரையை அரைச்சுக் கலந்திருக்கான். இதே மாதிரி ஒண்ணை உடம்பும் தினம் கொஞ்சம் சுரக்குது. அளவு மீறினா அது கைகால் சதையைக் கரைக்கும், கொழுப்பை வயித்துல கொண்டுபோய்ச் சேர்க்கும். அரை வயிறு சாப்பிட்டாலும் சேர்க்கும்.”

“அப்ப நான் திருடலைன்னு இவங்ககிட்டச் சொல்லுங்க, சாமி.”

“கேட்டுட்டுத்தான் இருக்காங்க.”

செங்கோடன் தரையைப் பார்த்தார்.

ராக்கியப்பன் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கி நடந்தார். குரு எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடுங்க, சாமி. நாலு வருஷமா என்னை ஏமாத்தின விஷம் இது.”

“இன்னிக்குப் பொடி சாப்பிட்டாச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

குரு டப்பாவை வாங்கினார். தண்ணீர் கேட்டார். வழக்கமாக எடுக்கும் அளவைக் கேட்டு, அதே அளவைத் தம்ளரில் கலக்கி நீட்டினார்.

“சாப்பிடுங்க.”

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“விஷத்தையா?” என்றார் செங்கோடன்.

குரு ராக்கியப்பனைத்தான் பார்த்தார். “மில்லுல உங்க ஷிப்டு முடிஞ்சுது. அடுத்த ஆள் வரலை. மெஷினை விட்டுட்டு வீட்டுக்கு வருவீங்களா?”

“அதெப்படிங்க? ஆள் வந்து நின்னாத்தான் வர முடியும்.”

“நாலு வருஷமா உங்க உடம்புக்குள்ள அதைச் சுரக்கிற ஆளுக்கு வேலை இல்லை. தூங்கிட்டான். அவன் வேலையையும் இந்தப் பொடிதான் பார்க்குது. இன்னிக்கே துரத்தினா ரத்த அழுத்தம் இறங்கும், நீங்க விழுந்துடுவீங்க. குடிச்சுட்டு என்னோட பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. எதை எவ்வளவு குறைக்கணும்னு டாக்டர் சொல்லட்டும். அவன் எழுந்திரிக்க மாசக்கணக்கு ஆகும்.”

“அதுவரைக்கும் இந்தத் தொப்பை?”

“அது இருக்கட்டும். முதல்ல நீங்க இருக்கணும்.”

ராக்கியப்பன் பையைக் கீழே வைத்துவிட்டுக் குடித்தார்.

பொடிக்குப் பதிலாக டாக்டர் எழுதிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவந்த மாத்திரை 2017 பிப்ரவரி 9 அன்று நிறுத்தப்பட்டது.