உள்ளே யாரும்மா?

அந்தக் காலத்தில் பாம்புகளுக்குப் பேச வாய் இருந்தது. காது கொடுக்கத்தான் ஆள் இல்லை. கூதல்மலையில் நீளமாக எது நெளிந்தாலும் மனிதர்கள் அடித்துவிடுவார்கள். விஷம் உண்டா இல்லையா என்று பார்க்க யாருக்குப் பொறுமை?

கிழங்கு தோண்டிப் பிழைக்கும் கெம்பியின் சொல்லுக்கு மட்டும் ஊரில் மதிப்பு இருந்தது. பாம்புகள் அவளிடம் போய் அழுதன.

"நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள வந்து அவங்கவங்க விவரத்தைச் சொல்லுங்க. தெரிஞ்சவங்களை ஊர்ல அடிக்க மாட்டாங்க. வராதவங்களுக்கு நான் பொறுப்பில்ல" என்றாள் கெம்பி.

மறுநாள் நல்ல மழை. நாகம் படமெடுத்துக்கொண்டு முதலில் வந்து நின்றது. அதற்கு எங்கேயும் முன்வரிசைதான். "நான் கண்ணைக் கொத்துவேனாம்! யார் கட்டிவிட்ட கதை இது?" என்று பச்சைப்பாம்பு மூக்கைச் சிந்தியது.

மண்ணுக்குள் வாழும் சின்னப் பாம்பு ஒன்றும் புறப்பட்டது. அதன் வயிற்றில் ஏழு குட்டிகள். அவற்றுக்காகவாவது இன்று போயே தீரவேண்டும். ஆனால் வழியில் சுண்டெலிக் குஞ்சுகள் கத்தின. அவற்றின் வளைக்குள் மழைத்தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது; இரை தேடப் போன தாய் இன்னும் திரும்பவில்லை. பாம்பு தன் வாலை வளைவாயில் திணித்து அடைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது. உச்சிப்பொழுது போயிற்று.

மழை விட்டதும் கெம்பி கிழங்கு தோண்ட வந்தாள். மண்வெட்டி ஓங்கி விழுந்ததில் பாம்பின் வால்நுனி சாய்வாக அறுந்தது. மண்ணை விலக்கினால், உள்ளே நனையாமல் நான்கு எலிக்குஞ்சுகள்.

"ஐயோ, வயிறும் புள்ளையுமா யாரு தாயி நீ? வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வரத்தான் கிளம்பினேன் அக்கா. பச்சப்புள்ளைங்க... விட்டுட்டு வர மனசு வரல."

கெம்பிக்கு அழுகை பொங்கியது. காயத்தில் ஈரமண்ணை அப்பினாள். "இப்பச் சொல்லு, கேட்டுக்கிறேன். உன் பேரென்ன?"

வலி தாங்காத பாம்பு பதில் சொல்லாமலே மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

கெம்பி ஊரைக் கூட்டினாள். "வராதவங்களுக்குப் பொறுப்பில்லன்னு சொன்னது என் தப்பு. பேர் தெரியாத புள்ளத்தாச்சி ஒருத்தி மண்ணுக்குள்ள இருக்கா. அவளுக்கு நாமதான் பொறுப்பு."

அன்று முதல்தான் அந்தப் பாம்பின் வால் சாய்த்து வெட்டியதுபோல, மண் அப்பியபடி இருக்கிறது. அதன் பேரும் விவரமும் இன்றைக்கும் யாருக்கும் சரியாகத் தெரியாது. கூதல்மலைக்காரர்கள் மட்டும், வெட்டுவதற்கு முன்னால் மண்வெட்டிக் காம்பால் மண்ணை மூன்று முறை தட்டி, "உள்ளே யாரும்மா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார்கள்.