ஜோம்சோமில் தட்டிய கைகள்

முக்திநாத் யாத்திரைக்கு யாரைத் தலைவராகப் போடுவது என்று முடிவு செய்ய, நங்கநல்லூர் அடுக்ககத்தார் மொட்டைமாடியில் கூடியிருந்தார்கள். ஏற்கெனவே போய்வந்தவர்கள் ஆராவமுதனும் அவர் மனைவியும் மட்டுமே. தலைமை தமக்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. மற்றவர்களுக்கும் இருந்துவிடக் கூடாதே என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முக்திநாத் போற வழியில, ஜோம்சோம்ல விமானம் இறங்கறது விளையாட்டில்லை. ரெண்டு பக்கமும் மலை. ஓடுபாதை, நாம கார் நிறுத்தற இடத்தைவிட ரெண்டு முழம் கம்மி."

"முழம் போட்டு அளந்தீங்களா சார்?" என்றார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் பத்மாசனி.

"ஜன்னல் வழியா கையை நீட்டித்தான் அளந்தேன் டீச்சர். எதிர்காத்து பின்னால தள்ளின தள்ளுல, புறப்பட்ட ஊரே திரும்ப வர்றது! விமானி என்னைப் பார்த்து, 'மாமா, நீங்கதான் ஏதாவது பண்ணணும்'னார்."

"நேபாளத்துக்காரர் மாமான்னாரா?"

"உயிர் பயத்துல எல்லா பாஷையும் வரும். 'எல்லாரும் ஆதி தாளம் போடுங்கோ'ன்னேன். பதினெட்டு பேர் தட்டின தட்டுல காத்து ரெண்டாப் பிளந்து வழி விட்டது. மத்த ஊர்ல விமானம் இறங்கினப்புறம் கை தட்டுவா. நாங்க தட்டித்தான் இறங்கினோம். ஓடுபாதை முடிஞ்சும் வண்டி நிக்கலை. தாளத்தைப் பாதியாக் குறைச்சேன். கோயில் வாசல்ல, செருப்பு விடற இடத்துல பதவிசா நின்னுது."

"கோயில் அங்கேருந்து இருபது கிலோமீட்டர் சார்."

"அதைத்தானே சொல்றேன், ஓடுபாதை போறாதுன்னு!"

எல்லாரும், ஓரமாக வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி குமுதவல்லியைப் பார்த்தார்கள். ஆராவமுதனும் பார்த்தார், சற்றே கெஞ்சலாக.

"கை தட்டினது நிஜம்," என்றாள் அவள், தலை நிமிராமல். "அன்னிக்குக் காத்து ஜாஸ்தின்னு விமானமே கிளம்பலை. ஜீப்புல போனோம். பன்னெண்டு மணி நேரமும் இவர் வாய் ஓயலை. ஊர் வந்து வாயை மூடினார். அப்பதான் எல்லாரும் தட்டினா."

மொட்டைமாடி முழுக்கக் கைதட்டல் எழுந்தது. ஆராவமுதன் எழுந்து நின்று கூப்பிய கைகளுடன் அதை ஏற்றுக்கொண்டார்.

"சரி, இவர் தலைவரா வரலாம்ங்கறவங்க கை தூக்குங்க," என்றார் செயலாளர் ஞானசேகர்.

தட்டிய கைகள் சட்டென்று மடியில் அடங்கின. ஒரே ஒரு கை மட்டும், வாழைப்பூக் கறையோடு, உயர்ந்தது.

"தலைவருக்கு டிரைவர் பக்கத்துல முன் சீட்டுதானே?" என்றாள் குமுதவல்லி. "எனக்குக் கடைசி சீட்டு போட்டுடுங்கோ."