அப்பா கத்தாத காலை

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். அதன் மேல் சாய்ந்து நின்ற அத்திமரத்தில் கரிமுகன் என்ற குரங்கும் அவன் மகள் துள்ளியும் வாழ்ந்தார்கள்.

கூட்டத்துக்குக் காவல் காப்பது கரிமுகனின் வேலை. புலியோ முதலையோ கண்ணில் பட்டால் உச்சிக் கிளையிலிருந்து கத்துவான். கொஞ்சம் தாமதித்தாலும் ஓர் உயிர் போய்விடும். அந்தப் பயம் அவனை விட்டுப் போகவே இல்லை. மகளிடமும் கத்திக்கொண்டே இருந்தான்.

"துள்ளி, நில்லு! அதைத் தொடாதே! இறங்கு!"

அவன் கத்தினால் துள்ளி நிற்பாள். கத்தாவிட்டால் ஓடுவாள்.

கீழே கரையில் வெள்ளாயி என்ற நாரை மீன் பிடிப்பாள். அவள் வேலையே காத்திருப்பதுதான். அவள் குஞ்சு மெல்லனும் பக்கத்திலேயே ஒற்றைக் காலில் நிற்பான்.

"பசிக்குதும்மா!"

"எனக்கும்தான் கண்ணு. தண்ணி தெளியட்டும்."

தண்ணீருக்குள் மேகங்கள் நகரும். இருவரும் அதையே பார்த்திருப்பார்கள். மெல்லனுக்குப் பசிகூட மறந்துபோகும்.

ஒரு நாள் விடிந்தபோது குளத்தையே காணவில்லை! எங்கும் வெள்ளைப் பனி. மரங்கள் வேர் இல்லாமல் மிதப்பதுபோல் இருந்தன. எங்கோ அத்திப்பழங்கள் 'பொளக், பொளக்' என்று தண்ணீரில் விழுந்தன. உச்சிக் கிளையில் இருந்த கரிமுகனுக்குத் தன் கால்கூடத் தெரியவில்லை.

துள்ளி பழ வாசனையைத் தொடர்ந்து கரைக்கு இறங்கினாள். சிவந்த பழம் ஒன்று கனவில் வருவதுபோல் தண்ணீரில் ஆடி ஆடி வந்தது.

"இரு துள்ளி! பழத்துக்குக் கீழே தண்ணி கலங்குது!" என்றான் பக்கத்தில் நின்ற மெல்லன்.

"எங்கப்பா ஒண்ணும் சொல்லலையே!" என்று அவள் தாவினாள்.

தண்ணீர் பிளந்தது. முதலை! துள்ளி அலறியபடி தாழ்ந்த கிளையைப் பற்றி ஏறினாள். வால் நுனி மட்டும் முதலையின் வாயோடு போயிற்று.

கரிமுகன் ஓடிவந்து மகளை அணைத்துக்கொண்டான்.

"ஏம்மா தாவினே?"

"நீங்க கத்தலையேப்பா!"

கரிமுகன் கரையில் நின்ற வெள்ளாயியிடம் திரும்பினான். "உன் பிள்ளைக்கு மட்டும் எப்படி நிக்கத் தெரிஞ்சுது?"

"நான் ஒண்ணும் சொல்லித் தரலைண்ணே. நான் வேலை பாக்கும்போது கூடவே நின்னான். அவ்வளவுதான்."

"என் வேலை கத்துறது. பெத்த பிள்ளைகிட்டேயும் அதையே செஞ்சுட்டேன்" என்றான் கரிமுகன்.

துள்ளியின் காயம் ஆறியது. ஒரு மாலை, மெல்லிய கிளை ஒன்றின் நுனியில் பழம் தொங்கியது. துள்ளி காலை எடுத்து வைத்தாள். கரிமுகனுக்குத் தொண்டைவரை கத்தல் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"அந்தக் கிளை உன்னைத் தாங்குமா? நீயே பாரும்மா" என்றான் மெதுவாக.

துள்ளி கிளையைக் கையால் அழுத்தினாள். அது வளைந்தது. எடுத்து வைத்த காலைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. காத்து அடிச்சா தானா விழும்."

அப்பாவும் மகளும் தோளோடு தோள் சாய்ந்து காற்றுக்காகக் காத்திருந்தார்கள்.

பெற்றோர் தங்கள் தொழிலின் அவசரத்தைப் பிள்ளைமேல் காட்டாமல் பொறுமையோடு பக்கத்தில் இருந்தால், பிள்ளை தன்னைத் தானே அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ளும்.