கூரை மேல் விரிந்த குடை

நீர்முனைப்பட்டினத்தை மருதக்கோன் என்ற அரசர் ஆண்ட காலத்தில், அந்த ஊர் உப்பு ஏழு நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடலோரம் முழுக்க உப்பளம். மேட்டில் அரண்மனை. அரண்மனைக்குள் ஒரு வானமண்டபம். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, கடல் எப்போது பொங்கும், எறும்பு எந்த மாதத்தில் மேடேறுகிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். மண்டபத்துத் தலைவர் பிங்களநாதர் மழை என்றால் மழைதான். ஆனால் அதை அரசரிடம் மட்டும்தான் சொல்வார்.

அந்த வருஷம் பங்குனியில், உப்பளத்தில் யாரும் எதிர்பாராத ஒரு மழை கொட்டியது. அள்ளிக் குவித்திருந்த உப்பு அம்பாரமெல்லாம் கரைந்து கடலுக்கே திரும்பிப் போனது. உப்பு வணிகர்கள் சபைக்கு வந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவள் சிவனணைந்தாள். புருஷன் போன பிறகு அளத்தைத் தானே நடத்துகிறவள். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மழை வரும் என்று அரண்மனைக்குத் தெரியுமா, தெரியாதா?"

பிங்களநாதருக்குத் தம் வித்தையைச் சந்தேகிப்பது பொறுக்காது. மூன்று நாள் முன்பே தெரியும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எதை ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அப்படியானால் இந்தப் பருவம் முடிந்ததும் நாங்கள் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போகிறோம். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அது எங்களுக்கு வருத்தமாக இருக்காது" என்றாள் சிவனணைந்தாள்.

அரசருக்கு முகம் வாடிவிட்டது. இனிச் சொல்லிவிடலாமே என்று பிங்களநாதரைப் பார்த்தார். அவரோ அரசருடைய பாட்டனாரின் ஆணையை எடுத்துப் போட்டார். வானக்கணக்கில் ஒரு சொல், ஓர் எழுத்து அரண்மனை வாசலைத் தாண்டக்கூடாது. எதிரி காதில் விழுந்தால் ஆபத்து என்று குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டிருந்தார் பெரியவர். அதை மீற அரசருக்குத் துணிச்சல் இல்லை. வணிகர்களை இழக்கவும் மனம் இல்லை.

இப்படி இரண்டு பக்கமும் இடிபடும்போது அரசர் திரும்பிப் பார்க்கிற ஆள் ஒருவர் உண்டு. பெயர் ஆவுடையப்பன். சபையில் அவருக்கு இன்ன வேலை என்று கிடையாது. வாய்தான் வேலை.

"ஆவுடையப்பா, அடுத்த மழை இவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பாட்டனார் ஆணையும் நிற்க வேண்டும். முடியாவிட்டால் நீயும் போய் அவர்களோடு உப்பு வாரு" என்றார் அரசர்.

ஆவுடையப்பன் ஒவ்வொரு வழியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆள் அனுப்பினால் சொல் போகும். ஓலை அனுப்பினால் எழுத்துப் போகும். யோசித்து யோசித்துக் கடைசியில் அரண்மனை மொட்டைமாடிக்கு ஏறினார். உச்சி வெயில். கீழே உப்பளத்தில் ஒரு பெண் உப்பு வாரும் பலகையை நிறுத்திவிட்டு, கையைப் புருவத்தில் வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வெயிலில் மாடியில் நிற்கிற பைத்தியம் யார் என்று பார்த்திருப்பாள். ஆவுடையப்பன் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். நேராக அரசரிடம் போய், திருவிழா ஊர்வலத்தில் பிடிக்கிற பெரிய வெண்குடையைக் கேட்டு வாங்கினார். எதற்கென்று சொல்லவில்லை. பிங்களநாதர் அடுத்த மழையைச் சொன்னதும் தமக்கும் சொல்லும்படி மட்டும் அரசரிடம் கேட்டுக்கொண்டார்.

சில நாள் கழித்து ஒரு காலை. வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. அரண்மனை மாடியில் அந்தக் குடை விரிந்து நின்றது. அதன் கீழே யாருமே இல்லை.

உப்பளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மாடிக்கு வெயில் சுடுகிறதாம் என்றான் ஒருவன். சிவனணைந்தாளும் முதலில் சிரித்தாள். பிறகு குடையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடி குடையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. வாரின உப்பையெல்லாம் மேட்டில் ஏற்றிக் கீற்றுப் போட்டு மூடச் சொன்னாள். அவள் மூடுவதைப் பார்த்து மற்றவர்களும் மூடினார்கள். கடைசிக் கீற்றைக் கட்டும்போது முதல் துளி விழுந்தது. அன்று மாலை வரை அடித்துப் பெய்தது. ஓர் அம்பாரம்கூடக் கரையவில்லை.

மறுநாள் சபையில் பிங்களநாதர் கொதித்துப் போய் நின்றார். ரகசியம் வெளியே போய்விட்டது, ஆணை மீறப்பட்டது என்றார்.

"எதுவும் வெளியே போகவில்லையே ஐயா. குடை அரண்மனைக்குள்தான் இருக்கிறது. அவர்கள் கண்தான் உள்ளே வந்தது. கண் உள்ளே வரக்கூடாது என்று பெரியவர் சொல்லவில்லை" என்றார் ஆவுடையப்பன்.

இத்தனை தலைமுறைக் கல்வியை ஒரு குடையாகச் சுருக்கிவிட்டானே என்று பிங்களநாதர் அரசரிடம் முறையிட்டார். உப்பு வாருகிறவர்களுக்கு அந்தக் கல்வியில் வேண்டியது அவ்வளவுதான் என்றும், கப்பல்காரர்களுக்காகப் பெருங்காற்று நாளில் அதே மாடியில் ஒரு படகைக் கவிழ்த்து வைக்கப் போவதாகவும் ஆவுடையப்பன் பணிவாகச் சொன்னார்.

"எதிரியும் அந்தக் குடையைப் பார்ப்பானே?" என்றார் பிங்களநாதர், கடைசி அம்பாக.

"பார்க்கட்டும். நனைய வேண்டாம் என்று படையைத் திருப்பிக்கொண்டு போவான்."

சபையில் பிங்களநாதரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பன் கழுத்தில் போட்டார். இனி மழைநாளில் குடையை ஏற்றும் பொறுப்பு பிங்களநாதருடையதே என்றும் உத்தரவிட்டார். முதலில் தெரிந்துகொள்கிறவர் அவர்தானே.

பிறகுதான் அரசருக்கு ஒரு கவலை வந்தது.

"எல்லாம் சரி ஆவுடையப்பா. குடை மாடியில் இருக்கிற நாளில் நான் ஊர்வலம் போனால், மழைக்கு எனக்கு யார் குடை பிடிப்பது?"

ஆவுடையப்பன் மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"குடை மாடியில் இருக்கிற நாளில் ஊர்வலம் புறப்பட்டால், அரசே, ஊரில் நனைகிற ஒரே ஆள் நீங்கள்தான்."