வயிரவன் செட்டியார் காரில் இருப்பது எந்த இன்ஜின்?

இந்தக் கதையில் வரும் யாரையும் சட்டென்று நம்பிவிடாதீர்கள். நான் நம்பி ஏமாந்தவன்.

காரைக்குடி வயிரவன் செட்டியாரிடம் 1938-ல் சீமையிலிருந்து வந்த கார் ஒன்று உண்டு. ஆவணியில் அதன் இன்ஜினைக் கழற்றிப் பழுது பார்த்தவர் மெக்கானிக் தர்மர். காரைத் திருப்பிக் கொடுத்தபோது, இன்ஜின் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சையும் சேர்த்துக் கொடுத்தார். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 417 அதில் பளிச்சென்று விழுந்திருந்தது. செட்டியார் தாளைப் பார்த்தாரே தவிர, குனிந்து இன்ஜினைப் பார்க்கவில்லை.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. செட்டியார் பானெட்டைத் திறந்து, மூன்று விரலைச் சந்தனத்தில் தோய்த்து, இன்ஜினுக்குப் பின்னால் காரோடு சேர்ந்திருக்கும் தகட்டில் தொடங்கி இன்ஜின் மேல்வரை ஒரே இழுப்பாகப் பட்டை போட்டார். மறு வருஷம்வரை யாரும் அதைத் துடைக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

தை மாதம் கார் பெயிண்டர் சவரிமுத்துவின் கொட்டகையில் பத்து நாள் நின்றது. வெளிப்புறத்துக்கு மட்டும்தான் பெயிண்ட். ஆனால் அந்தக் கொட்டகை மூலையில் பழைய இன்ஜின்கள் நாலைந்து கிடந்தன. சந்தேகப்பட அது போதாதா?

மாசியில், பழைய கார் அணிவகுப்புக்காகப் பரிசோதிக்க வந்தவர் பானெட்டைத் திறந்தார். தகட்டிலிருந்து இன்ஜின்வரை சந்தனப் பட்டை கோடு பிசகாமல் ஓடியது. காய்ந்து வெடித்து, மேலே மாதக்கணக்கில் தூசி படிந்திருந்தது. டார்ச் அடித்து எண்ணைப் படித்தார்: 862.

"இது உங்க இன்ஜினே இல்லீங்களே!" என்றார்.

செட்டியார் நேரே சவரிமுத்துவிடம் போனார். கூடவே தர்மரும் போனார்.

"நான் மாத்தலை ஐயா. வைகாசியில பொண்ணுக்குக் கல்யாணம். திருட்டுப் பட்டம் கட்டினா அது நின்னுடும்யா," என்று கெஞ்சினார் சவரிமுத்து.

"நான்தான் அன்னைக்கே அச்சு எடுத்துக் குடுத்துட்டேனே," என்றார் தர்மர், யாரும் கேட்காமலே.

செட்டியார் தாளையே நம்பினார். சவரிமுத்துவின் பெயரை ஊரெல்லாம் நாறடித்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இன்ஜினை மாற்றியது யார்?

விடை: தர்மர்தான். தையில் இன்ஜினை மாற்றியிருந்தால், தகட்டில் இருக்கும் பட்டையோடு இன்ஜினில் இருக்கும் பட்டை ஒட்டியிருக்காது. புதிதாகப் போட்டு ஒட்டவைத்திருந்தால் வெடிப்பும் தூசியும் இருக்காது. ஆகவே ஆயுத பூஜையன்று செட்டியார் சந்தனம் பூசியதே 862-க்குத்தான். பென்சில் அச்சு, 417 பட்டறைத் தரையில் கிடந்தபோது எடுத்தது. விஷயம் புரிந்ததும் செட்டியார் வெட்கத்தோடு சவரிமுத்து வீட்டுக்கு ஓடி, "மன்னிச்சுக்கப்பா," என்றார். சவரிமுத்து அவரை உட்காரச் சொல்லவில்லை.

"என்கிட்ட எதுக்கு ஐயா சொல்றீங்க? மாப்பிள்ளை வீட்டுல போய்ச் சொல்லுங்க. நேத்துதான் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பினாங்க."