இருபதடி தள்ளி நின்ற மாப்பிள்ளை

எங்கள் வாகைநேரியில் வெள்ளைத்துரை வீட்டாருக்குப் புத்தி குறைவு என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். குறைவு என்றால் கொஞ்சமாவது இருக்க வேண்டுமே. நான் அந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கிறவன். எனக்குத் தெரியாததா?

வீட்டில் மொத்தம் ஐந்து உருப்படி. மூத்தவர் வெள்ளைத்துரை, வயசு அறுபத்தெட்டு. தம்பி ஊய்க்காட்டான், அறுபத்துமூன்று. இருவருக்கும் இளையவள் பிரமாச்சி. மூத்தவருடைய மருமகன் தவசி, வேன் ஓட்டுகிறவன். கடைசியாக, தாய் தகப்பன் இல்லாமல் அத்தை பிரமாச்சி கையில் வளர்ந்த குத்தாலிங்கம். மாவுமில் வைத்திருக்கிறான். முப்பத்தாறு வயசாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் அவன் இல்லை. அவன் தங்கமான பிள்ளை. பெரியவர்கள் நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான், அதற்கு மேல் சொந்தமாக எதையும் செய்து யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை.

காரணம் அந்த இரண்டு பெரிய மனுஷர்களும்தான். வீட்டில் இருக்கும்வரை வாயில்லாப் பூச்சிகள். வண்டியில் ஏற்றினால் போதும், சண்டை. முதல் சம்பந்தம் பேசப் போகும்போது ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை. பெண் வீட்டில் ஒருவர் கிழக்கே பார்த்தும் ஒருவர் மேற்கே பார்த்தும் உட்கார்ந்து, அண்ணன் சம்மதம் என்றதால் தம்பி சம்மதமில்லை என்றார். இரண்டாவது தடவை இரண்டு பேரும் பாதி வழியில் இறங்கி ஆளுக்கொரு பஸ் ஏறி வெவ்வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது தடவை தம்பி அண்ணனின் முழங்கையைக் கடித்தே வைத்துவிட்டார். கட்டுப்போட்ட கையோடு இறங்கியவரைப் பார்த்துப் பெண் வீட்டார் விசாரிக்க, அவரும் நடந்ததை ஒளிக்காமல் சொல்ல, அந்தச் சம்பந்தமும் போச்சு. பிரமாச்சி அத்தை மூன்று நாள் சாப்பிடவில்லை. பாவம், அவளுக்கு இந்த ஜென்மத்தில் ஒரே ஆசை, அந்தப் பையன் கழுத்தில் ஒரு கல்யாண மாலை விழ வேண்டும்.

நாலாவதாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் செங்குளத்துப்பட்டியில் தங்கபுஷ்பம் என்று ஒரு பெண் அமைந்தது. தரகர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். இதுதான் கடைசிச் சம்பந்தம், இதையும் விட்டால் தன்னைத் தேடி வர வேண்டாம். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். வழியில் சண்டை வராமல் இருக்க, வண்டிக்குள் வைத்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது படப்பெட்டி வாங்கிப் போடுங்கள் என்று யோசனையும் அவரே கொடுத்தார்.

வாங்கப் போனது தென்காசியில் ஒரு கடைக்கு. குடும்பமே போயிற்று. கடையில் ஜெபராணி என்று ஒரு பிள்ளை இருந்தாள், பொறுமைசாலி. வண்டியில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். பிரமாச்சி அத்தை இரண்டு என்றாள். சண்டை போடுவார்களா என்று கேட்டாள். கடிக்கவும் செய்வார்கள் என்றாள் அத்தை. அந்தப் பிள்ளை வயசைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

முதலில் சீட்டின் முதுகில் மாட்டுகிற ஜோடித் திரையைக் காட்டினாள். ஆளுக்கொன்று, இரண்டிலும் ஒரே படம் ஓடும் என்றாள். ஊய்க்காட்டான் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஒரே படம்தான் ஓடும் என்றால் இரண்டு எதற்கு என்று கேட்டார். அவள் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

அடுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு புரொஜெக்டர். எதிரே ஒரு சுவர் இருந்தால் போதும், பெரிசாகத் தெரியும் என்றாள். வேனில் சுவர் இல்லையே என்று குடும்பம் கலங்கியபோது மூத்தவர் வழி சொன்னார்.

"முன்னால போற பஸ்ஸுக்கு முதுகு இருக்குல்லா. அதுல போட்டுப் பாத்துக்கிட்டே போவோம்."

"அந்த பஸ்ஸு மதுரைக்குப் போனா என்ன செய்ய?" என்றார் தம்பி.

"படம் முடியுத வரைக்கும் நாமளும் மதுரைக்குத்தான் போவணும்."

"பொண்ணு செங்குளத்துப்பட்டியில இருக்கே, அண்ணாச்சி."

"அவுகளையும் மதுரைக்கு வரச் சொல்லுவோம்."

இது நியாயமாகப் பட்டாலும், பெண் வீட்டாரை அலைக்கழிப்பது மரியாதை இல்லை என்று அத்தை தடுத்துவிட்டாள். கடைசியில் ஒரு பெரிய டேப்லெட்டில் வந்து நின்றார்கள். கடையில் காட்டுவதற்காக அதில் மீன்கள் நீந்துகிற படம் ஓடிக்கொண்டிருந்தது. நீலத் தண்ணீர், சின்ன மீன்கள், கடைசியில் ஒரு பெரிய மீன் வந்து வாயைத் திறக்கும். மறுபடி முதலில் இருந்து ஓடும். சினிமா எதுவும் ஏற்றித் தரட்டுமா என்று ஜெபராணி கேட்டாள். மூத்தவருக்குச் சண்டைப் படம், இளையவருக்கு சாமிப் படம், இரண்டையும் ஏற்றினால் கடைக்குள்ளேயே கடி நடக்கும் போல் இருந்தது. மீனைப் பற்றி யாருக்கும் விரோதம் இல்லை. மீனே போதும் என்று முடிவாயிற்று.

பணம் கட்டி முடித்ததும் அந்தப் பிள்ளை அக்கறையாக மூன்று விஷயம் சொல்லி அனுப்பினாள். பிள்ளைகள் அழுது அடம் பிடித்தால் மட்டும் டேப்லெட்டைக் கொடுக்க வேண்டும், சும்மா இருக்கும்போது கொடுத்துப் பழக்கக் கூடாது. கண்ணு கெடாமல் இருக்க, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி இருக்கிற ஒன்றை, இருபது விநாடி பார்க்க வைக்க வேண்டும். பிறகு, போகிற வழியில் நல்லதாக நாலு போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள் என்று எங்கே அமுக்குவது என்பதையும் அத்தைக்குக் காட்டிக் கொடுத்தாள். ஓடுகிற படத்தை நிறுத்தி வைப்பது எப்படி என்று அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் என் வாசலுக்கு எதிரே நின்றது. கிளம்பவில்லை. எட்டிப் பார்த்தால் இரண்டு பெரியவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள். அழாமல் டேப்லெட் தரமாட்டேன் என்று அத்தை கறாராக இருந்தாளாம். ஊய்க்காட்டான் பதினைந்து வருஷத்துக்கு முன் விற்ற பசுமாட்டை நினைத்து உடனே அழுதுவிட்டார். மூத்தவருக்கு எதை நினைத்தும் அழுகை வரவில்லை. கடைசியில் தம்பி அழுவதைப் பார்த்து, அந்த மாட்டை விற்றுக் கொடுத்தது தான்தான் என்ற ஞாபகம் வந்து அவரும் அழுதார். ஆறரைக்கு வேன் நகர்ந்தது. பட்டு வேட்டியில் குத்தாலிங்கம் நடுவில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய போன் வேட்டி மடிப்பில் நிற்காது என்று அத்தை தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, மீன் வேலை செய்தது. இருவரும் தோளோடு தோள் உரச வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். இருபது நிமிஷம் ஆனதும் தவசி வண்டியை ஓரம் கட்டினான். எல்லோரும் இறங்கினார்கள். இருபது அடிக்கு அளந்து வெட்டிய கயிறு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பனைமரம் இருபத்திரண்டு அடியில் இருந்தது. மைல்கல் பதினாலு அடியில் இருந்தது. நல்லவேளையாக ஒரு எருமை சரியாக இருபதடியில் நின்றது. ஏழு எண்ணுவதற்குள் அது நடக்க ஆரம்பித்துவிட்டது. குடும்பமே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் போய், ஒரு வாய்க்கால் வரைக்கும் முக்கால் மணி நேரம் அலைந்தும் பார்வையை முடிக்க முடியாமல் திரும்பியது.

பார்க்கிற பொருள் நிலையானதாக இருக்க வேண்டும், எங்கே நிறுத்தினாலும் கிடைக்க வேண்டும் என்று ஆலோசனை நடந்தது. அப்போது அத்தைதான் சொன்னாள்.

"நம்ம குத்தாலம் இருக்கானே. நிறுத்துன எடத்துல நிப்பான்."

அதற்குப் பிறகு ஒரு குழப்பமும் இல்லை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை வேன் நிற்கும். குத்தாலிங்கம் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு இருபதடி நடந்து, கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நிற்பான். நாலு பேரும் அவனை இமைக்காமல் பார்ப்பார்கள். அத்தை டேப்லெட்டில் ஒரு போட்டோ பிடித்துவிட்டு, மீனை மறுபடி ஓடவிட்டு சீட்டில் வைப்பாள். "போதும், வாய்யா" என்று கூப்பிடுவாள். வருவான். புளியங்குடியில் ரோட்டோரம் எலுமிச்சம்பழம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு, அவர்களும் சேர்ந்து அவனைப் பார்த்தார்களாம்.

ராஜபாளையம் தாண்டி அவனை நிறுத்தியது ஏழாவது தடவை. எண்ணி முடிக்கிற நேரத்தில் வண்டிக்குள் பெரிய மீன் வந்துவிட்டது என்று ஊய்க்காட்டான் சத்தம் கொடுத்தார். அந்த மீனை அதுவரை எழுபது தடவையாவது பார்த்திருப்பார்கள். ஆனாலும் இந்தத் தடவை சின்ன மீன்கள் தப்பித்துவிட்டால்? நாலு பேரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடி ஏறினார்கள். தவசியும் கண்ணாடியில் மீனைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தான். "வாய்யா" என்று யாரும் சொல்லவில்லை. குத்தாலிங்கம் நின்றான். வேன் போவதையும் பார்த்தான். கூப்பிடாமல் எப்படி வருவது? மீன் மயக்கத்தில் வண்டிக்குள் யாரும் அடுத்த இருபது நிமிஷத்தை எண்ணவும் இல்லை.

பதினொன்று பத்துக்கு செங்குளத்துப்பட்டியில் இரண்டு பெரியவர்களும் கைகோத்துக்கொண்டு சிரித்த முகமாக இறங்கினார்கள். தரகருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்ணின் அப்பா பொன்னையா கும்பிட்டு வரவேற்று, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். அத்தை வேனுக்குள் பார்த்தாள், சீட்டுக்கு அடியில் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னார்கள். தேடிப்போய்த் திரும்பினால் ராகுகாலம் வந்துவிடும். தங்கபுஷ்பம் பட்டுச்சேலையோடு கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூத்தவர்தான் சபையைத் தேற்றினார். ஆள் இல்லாவிட்டால் என்ன, ஆளின் படம் ஏழு இருக்கிறதே. டேப்லெட்டில் குத்தாலிங்கத்தின் படத்தைப் பெரிசாக வைத்து நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். மாப்பிள்ளை என்று வந்தபின் சும்மா விடலாமா? சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், வாங்கி வந்த ரோஜா மாலையைச் சுற்றிப் போட்டார்கள். கூடம் இருட்டாக இருந்ததால் முகம் தெரியட்டும் என்று முன்னால் ஒரு குத்துவிளக்கையும் ஏற்றினார்கள். பத்தி கொளுத்தியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த நேரத்தில் பெண்ணின் பெரியம்மா சீனியம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். உள்ளே நுழைந்தவள் மாலையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு, "பூ வைக்கிற அன்னைக்கே போயிட்டியே ராசா" என்று ஓங்கி அழுதாள்.

வாகைநேரிக் குடும்பம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. வயசில் பெரியவள், வெளியூரில் இருந்து வந்தவள், விஷயம் தெரியாமலா அழுவாள்? ரோட்டோரம் நின்றவன்தானே, லாரிகள் போகிற ரோடுதானே. முதலில் அத்தை விழுந்து புரண்டாள். பெரியவர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை எந்த மாட்டின் உதவியும் இல்லாமல் அழுதார்கள்.

இதற்கிடையில் ராஜபாளையம் தாண்டி அவன் நின்ற இடத்தில் ரோடு போட ஜல்லி கொண்டுவந்தவர்கள், "இங்க நிக்காதய்யா, போ" என்று சொல்லியிருக்கிறார்கள். போகச் சொன்னதால் குத்தாலிங்கம் புறப்பட்டான். எலுமிச்சை ஏற்றிவந்த லோடு ஆட்டோ ஒன்று அவனைக் கொண்டுவந்து இறக்கியது. மணி பதினொன்று நாற்பது. வாசலில் நுழைந்தவன் மாலை போட்ட தன் படத்தையும் விழுந்து அழுகிற தன் அத்தையையும் பார்த்தான். சபையில் பெரியவர்கள் சொன்னதை மறுத்துப் பேசி அவனுக்குப் பழக்கம் இல்லை. இத்தனை பேர் அழும்போது நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சொன்னால் மரியாதையாகவா இருக்கும்? துண்டை வாயில் பொத்திக்கொண்டு அவனும் ஓரமாக உட்கார்ந்து அழுதான்.

"யாருய்யா நீ?" என்றார் பொன்னையா.

"குத்தாலிங்கம்" என்றான் விசும்பிக்கொண்டே.

"ஒரே பேரா?" என்றார் மூத்தவர். "முகமும் நம்ம பய மாதிரியேல்லா இருக்கு."

"நம்ம பயதான் போயிட்டான்லா. விளக்கும் ஏத்தியாச்சு" என்றார் தம்பி. குத்தாலிங்கம் அதையும் ஆமோதித்துத் தலையாட்டினான். பிரமாச்சி அத்தை மட்டும் அவன் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். வளர்த்த கை. ஆனாலும் அண்ணன்மார் பேச்சைத் தாண்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்து தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். மணியைப் பார்த்தாள், பதினொன்று ஐம்பது. படத்தைப் பார்த்தாள், படத்துக்குப் பக்கத்தில் அழுதவனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போனவரைவிட இவர் பரவாயில்லப்பா. இவரையே பேசி முடிங்க" என்றாள்.

சபை யோசித்தது. புது மாப்பிள்ளைக்கு ஜாதகம் வேண்டுமே என்றார் பொன்னையா. போனவனுடைய ஜாதகம் கையில் இருக்கிறது, அவனுக்கு இனிமேல் எதற்கு, இவனுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் ஊய்க்காட்டான். மூத்தவர் மறுக்காமல் தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். மீனை விட்டால் அவர்கள் வாழ்நாளில் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் தட்டு மாற்றினார்கள். மாலையைப் படத்தில் இருந்து கழற்றி அவன் கழுத்தில் போட்டது அத்தை.

ஊருக்கு வந்த பிறகு ஒரு குறையும் வைக்கவில்லை. போனவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முறையாகச் செய்தார்கள். செத்தவனுக்கு மகன் இல்லை, கூடப் பிறந்த தம்பியும் இல்லை. கடைசியில் குத்தாலிங்கமே முன்வந்து மொட்டை போட்டுக்கொண்டான். நானும் போய்ச் சாப்பிட்டேன், பருப்புப் பாயாசம் நன்றாக இருந்தது.

அடுத்த மாதமே கல்யாணம். மணவறையில் மாப்பிள்ளை மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பெண் வீட்டுச் சொந்தக்காரி ஒருத்தி, இது என்ன கோலம் என்று பிரமாச்சி அத்தையிடம் ரகசியமாகக் கேட்டாள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"என்ன செய்ய தாயி, மாப்பிள்ளைக்கு ரொம்ப நெருங்குன சொந்தத்துல ஒரு சாவு."